மூளைக்குள் மின்சாரம் செலுத்தினால் பார்வை திரும்புமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. சென்னையில் பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறேன், பரீட்சையில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஸ்கிரைபாகப் போகிறேன். திருவல்லிக்கேணியில் இருக்கும் என் தாய்மாமாவுக்குக் கண் அழுத்த நோயால் பார்வை போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதனால் இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வந்திருக்கிறேன். "தலையில் சிப் வைத்தால் கண் தெரியுமாமே" என்று வாட்ஸப்பில் வீடியோ அனுப்பி யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

தலைக்குள் கரண்ட் வைத்தால் கண் தெரியும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. கரண்ட் வைத்தால் வெளிச்சம் தெரியும். ஆனால் அது நாம் பழகிய பார்வை இல்லை. இருட்டில் மின்னும் சில புள்ளிகள், அவ்வளவுதான். அந்தப் புள்ளிகளை வைத்துக் கதவு எங்கே, ஜன்னல் எங்கே, மேஜைமேல் வெள்ளையாக ஏதாவது இருக்கிறதா என்று சிலரால் கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது. பேரக்குழந்தையின் முகத்தைப் பார்க்க இன்றைய கருவிகளால் முடியாது. "பார்வையற்றவர் பார்த்தார்" என்ற தலைப்பைப் பார்த்ததும், என்ன பார்த்தார் என்று கேளுங்கள். மற்ற எல்லாக் கேள்வியும் அதற்கு அப்புறம்தான்.

கண்ணே வேலை செய்யாதபோது வெளிச்சம் எப்படித் தெரியும்?

பின்மண்டையில் பலமாக அடிபட்டால் "கண்ணில் பொறி பறந்தது" என்போம். கண்ணில் ஒன்றும் படவில்லை, அடி பட்டது தலையில். ஆனாலும் வெளிச்சம் தெரிந்தது. விஷயம் இதுதான்.

கண்ணுக்குள் வரும் ஒளி விழித்திரையோடு நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் போவது மின்சமிக்ஞை மட்டும். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் சுமார் பத்து லட்சம் நரம்பு இழைகள் அதைப் பின்னால் கொண்டுபோகின்றன. தலையணையில் தலை வைத்தால் எந்த இடம் படுமோ, ஏறக்குறைய அங்கே, பிடரிக்குக் கொஞ்சம் மேலே, பார்வைக்கான மூளைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, இருக்கிறது. மூளை எப்போதும் நல்ல இருட்டுக்குள்தான் இருக்கிறது. அந்தப் பகுதியின் செல்கள் எந்தக் காரணத்தால் தூண்டப்பட்டாலும், "வெளிச்சம்" என்றுதான் மூளை எடுத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் ஒரு வரைபடமும் இருக்கிறது. 1904–05-ல் ரஷ்யாவோடு நடந்த போரில் தலையில் குண்டு பாய்ந்தும் பிழைத்த ஜப்பானிய வீரர்களைத் தட்சுஜி இனோயே என்ற கண் மருத்துவர் பரிசோதித்தார். குண்டு எந்த இடத்தைத் துளைத்ததோ, அதற்கேற்ப ஒவ்வொருவருக்கும் பார்வையில் ஒரு குறிப்பிட்ட பகுதி மட்டும் மறைந்திருந்தது. வலப்பக்கம் தெரிவதை இடது மூளையும், இடப்பக்கம் தெரிவதை வலது மூளையும் பார்த்துக்கொள்கின்றன. நேருக்கு நேர் பார்க்கும் நடுப்பகுதிக்கு மூளையில் ரொம்பப் பெரிய இடம், ஓரங்களுக்குச் சின்ன இடம். ஆக, எந்த இடத்தைத் தூண்டினால் எந்தத் திசையில் புள்ளி தெரியும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும். ஆனால் அந்தப் புறணியில் பெரும்பகுதி ஒரு ஆழமான மடிப்புக்குள் சுருண்டு கிடக்கிறது. மேலே கருவியை வைத்தால் மடிப்புக்குள் எட்டாது.

கருவி எப்படி இருக்கும்?

மூக்குக்கண்ணாடியில் ஒரு சின்ன கேமரா. இடுப்பிலோ சட்டைப் பையிலோ ஒரு குட்டிக் கணினி. அது படத்தைச் சில புள்ளிகளாகச் சுருக்கி, மண்டைக்குள் வைத்த மின்முனைகளுக்கு, அதாவது கரண்ட் விடும் சின்ன நுனிகளுக்கு, அனுப்பும். சில கருவிகளில் கம்பி வழியாக, சிலவற்றில் கம்பியில்லாமல்.

மின்முனைகளில் இரண்டு வகை. ஒன்று, மூளையின் மேல் தாளைப்போல் படிந்து கிடப்பது. இன்னொன்று, ஊசிகளாக உள்ளே இறங்குவது. இரண்டாவது வகையில் பிரபலமானது யூட்டா அணி என்ற ஊசி வரிசை. நான்கு மில்லிமீட்டருக்கு நான்கு மில்லிமீட்டர் சதுரத்தில் ஏறத்தாழ நூறு ஊசிகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் நீளம். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. ஊசி செல்களுக்குப் பக்கத்தில் இருப்பதால் கரண்ட் ரொம்பக் குறைவாகப் போதும். ஒரு சின்ன எல்.இ.டி. விளக்குக்குத் தேவைப்படுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

அணிந்தவருக்குச் சரியாக என்னதான் தெரிகிறது?

கையை நேராக நீட்டி விரல் நுனியில் ஒரு ஜவ்வரிசியைப் பிடித்தால் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, ஒரு புள்ளி ஏறக்குறைய அவ்வளவு. பெரும்பாலும் வெள்ளை. சில மின்முனைகளில் ஒன்றுக்குப் பதில் இரண்டு மூன்று புள்ளிகள் வரும், சிலவற்றில் மேகம்போல் கலங்கலாக வரும்.

நம் வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் புள்ளிகள் நேர் வரிசையில் இல்லை. நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் அகலமாகவும், அங்கங்கே காலியாகவும் சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும்விடத் தொந்தரவு, கண்ணை அசைத்தால் புள்ளிகளும் கூடவே நகர்ந்துவிடும். கேமரா பார்ப்பது ஒரு பக்கம், கண் திரும்பியிருப்பது இன்னொரு பக்கம் என்றால், கதவு இல்லாத இடத்தில் கதவு தெரியும். அதனால் கண்ணை நேரே வைத்துத் தலையைத் திருப்பித் திருப்பித் தேடப் பழக வேண்டும். மாதக்கணக்கில் பயிற்சி தேவை. வீடியோக்களில் இந்த மாதங்களைக் காட்டுவதில்லை.

புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போனால் டி.வி. மாதிரி படம் வந்துவிடாதா?

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பேருந்தின் நெற்றியில் ஓடும் எல்.இ.டி. பலகையும் வெறும் புள்ளிகள்தானே, அதில் 29சி என்று தெளிவாகப் படிக்கிறோமே என்று. ஆனால் மூளை அந்தப் பலகை மாதிரி வேலை செய்வதில்லை.

வீட்டிலேயே இதைச் செய்து பார்த்தேன். மாமா அந்தக் காலத்தில் அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளைத் தலைகீழாகக் கோர்த்தே முப்பது வருடம் ஓட்டியவர், எழுத்தின் வடிவம் அவருக்கு விரலில் இருக்கிறது. ஒரு அட்டையில் ஐந்து கொண்டைக்கடலைகளை 'ட' வடிவத்தில் ஒட்டி, அவர் முதுகில் ஒரே அழுத்தாக வைத்து அழுத்தினேன். "என்னமோ குத்துது. சீப்பா?" என்றார். அட்டையை எடுத்துவிட்டு, அதே ஐந்து இடங்களை விரலால் ஒன்றன்பின் ஒன்றாக, மேலிருந்து கீழே, அப்புறம் வலப்பக்கமாகத் தொட்டுக்கொண்டே போனேன். முடிக்கும் முன்னாலேயே "டானாடா இது" என்றார்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் மைக்கேல் போஷாம்ப், டேனியல் யோஷோர் குழுவினர் 2020-ல் வெளியிட்டது ஏறக்குறைய இதேதான், மூளையின்மேல். எழுத்தின் வடிவத்தில் பல மின்முனைகளை ஒரே சமயத்தில் தூண்டினால் எழுத்து தெரியவில்லை, பிசைந்த மாவு மாதிரி எல்லாம் ஒன்றாகிவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக, எழுதுவதுபோல் தூண்டிக்கொண்டே போனபோது பார்வையற்றவர்கள் எழுத்தை அடையாளம் கண்டார்கள், அதையே கையால் எழுதியும் காட்டினார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இது. மின்முனைகளைக் கூட்டாமல், மூளையோடு பேசும் முறையை மட்டும் மாற்றினார்கள்.

எண்ணிக்கையால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. 2020-லேயே நெதர்லாந்தில் பீட்டர் ருல்ஃப்ஸ்மா குழு இரண்டு குரங்குகளுக்கு 1,024 மின்முனைகள் வைத்தது. அவை புள்ளிகளால் ஆன எழுத்துகளை அடையாளம் கண்டுகொண்டன. இன்னொரு பக்கம், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஐயோன் ஃபைன், ஜெஃப்ரி பாய்ன்டன் இருவரும் 2024-ல் கணினியில் ஒரு கணக்குப் போட்டார்கள். 45,000 புள்ளிகள் கொண்ட பூனைப் படம் திரையில் தெளிவாகத் தெரிகிறது. அதையே மூளைக்குள் 45,000 மின்முனைகளால் காட்டினால் கலங்கலாகத்தான் தெரியும் என்று வந்தது. காரணம், அங்கே ஒரு செல் ஒரு புள்ளிக்கு மட்டும் பொறுப்பு இல்லை. ஒரு செல் சாய்ந்த கோட்டுக்குத் துடிக்கும், இன்னொன்று நேர்க்கோட்டுக்கு. இதைக் கண்டுபிடித்ததில் பங்குள்ள டேவிட் ஹ்யூபலும் டார்ஸ்டன் வீசலும் 1981-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒரு மின்முனை தூண்டும்போது பக்கத்தில் இருக்கும் எல்லா வகைச் செல்களும் ஒன்றாகக் கத்துகின்றன. இயல்பான பார்வையில் அப்படி நடப்பதே இல்லை.

இது புதுக் கண்டுபிடிப்பா?

இல்லை. கிட்டத்தட்ட நூறு வருடக் கதை. 1929-லேயே ஜெர்மானிய அறுவைச் சிகிச்சை நிபுணர் ஓட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டர், விழித்திருந்த நோயாளியின் பின்மூளையைத் தூண்டி, அவருக்கு ஒளிப்புள்ளி தெரிவதைப் பதிவு செய்தார். 1968-ல் இங்கிலாந்தில் ஜைல்ஸ் பிரிண்ட்லியும் வால்போல் லூவினும் பார்வை இழந்த 52 வயதுப் பெண் ஒருவரின் மூளையில் 80 மின்முனைகள் பொருத்திய விவரத்தை வெளியிட்டார்கள். அவர் ஒரு நர்ஸ். கரண்ட் பலமாக இருந்தால், நிறுத்திய பிறகும் புள்ளி கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அடுத்ததாக அமெரிக்க ஆராய்ச்சியாளர் வில்லியம் டோபெல் இருபது வருடங்களுக்கு மேல் இதிலேயே உழைத்தார். 1996-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில், 22 வருடமாகப் பார்வை இல்லாத பெண்ணுக்கு 38 ஊசி மின்முனைகள் வைத்ததில் 34 வேலை செய்தன. இத்தனை வருடமாகத் தூங்கிக்கிடந்த மூளைப் பகுதி, தூண்டியதும் உடனே பதில் சொல்லியது. எனக்கு இதைப் படித்தபோது மாமாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

அண்மைக்காலத்தில் ஸ்பெயினின் எல்செயில் எடுவார்டோ ஃபெர்னாண்டஸ் குழு, 16 வருடமாகப் பார்வை இல்லாத முன்னாள் ஆசிரியை ஒருவருக்கு 96 மின்முனைகளை ஆறு மாதம் வைத்திருந்து எடுத்தது. 2021-ல் அந்த முடிவுகள் வந்தன. கோடுகளையும் சில எழுத்துகளையும் அவரால் இனங்காண முடிந்தது. 2022-ல் சிகாகோவில் கம்பியே இல்லாத கருவி ஒன்றை முதல்முறையாகப் பொருத்தினார்கள், மொத்தம் 400 மின்முனைகள்.

நியூராலிங்க் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஈலான் மஸ்க்கின் நியூராலிங்க் நிறுவனம் 'பிளைண்ட்சைட்' என்ற மூளைக் கருவியைத் தயாரிக்கிறது. 2024 செப்டம்பரில், மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. அதற்கு 'பிரேக்த்ரூ' முத்திரை கொடுத்தது. பலர் இதை "அனுமதி கிடைத்துவிட்டது" என்று பகிர்ந்தார்கள். அது அனுமதி இல்லை. பரிசீலனை வரிசையில் கொஞ்சம் முன்னால் நிற்க வைக்கும் சீட்டு. ஆரம்பத்தில் காட்சி பழைய வீடியோ கேம் மாதிரி மங்கலாகத்தான் இருக்கும் என்று மஸ்க்கே சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் எனக்கு ஒப்புதல் இல்லாத ஒன்று, பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களுக்கும் இது வேலை செய்யும் என்பது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

எங்கள் குழந்தைக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பெரியவனானதும் இதை வைக்கலாமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இன்றைய நிலையில், இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

பார்வைக்கான மூளைப் பகுதி சின்ன வயதில் கண்ணிலிருந்து வரும் சமிக்ஞையை வைத்துத்தான் தன்னை அமைத்துக்கொள்கிறது. அது வராவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது, வேறு வேலைக்குப் போய்விடும். ப்ரெய்ல் படிக்கும்போது பிறவியிலேயே பார்வையற்றவர்களின் பின்மூளை சுறுசுறுப்பாக இருக்கிறது. 2000-ல் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரை என்னை உலுக்கியது. ப்ரெய்லில் கைதேர்ந்த, பிறவியிலேயே பார்வையற்ற ஒரு பெண்ணுக்குப் பக்கவாதத்தில் பின்மூளையின் இரு பக்கமும் பாதிக்கப்பட்டது. விரலில் உணர்ச்சி நன்றாக இருந்தது, புள்ளிகள் தட்டுப்பட்டன. ஆனால் படிக்க முடியவில்லை. அவருக்கு அந்த இடம்தான் வாசிக்கும் இடமாக இருந்திருக்கிறது. ப்ரெய்ல் படிக்கும் பார்வையற்றவர்கள் சிலருக்குப் பின்மண்டையில் காந்தத் தூண்டல் கொடுத்தபோது, வெளிச்சத்துக்குப் பதிலாக விரல் நுனியில் குறுகுறுப்பு தெரிந்தது.

அதே சமயம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிறவிக் கண்புரை வேறு. அது அறுவைச் சிகிச்சையில் தீரக்கூடியது, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டம், வட இந்தியாவில் பிறவிக் கண்புரையோடு வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு எட்டு வயதுக்கு மேலும் சிகிச்சை கொடுத்து, பார்க்கக் கற்றுக்கொள்ள முடியும் என்று காட்டியது. குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். "கொஞ்சம் வளரட்டும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

காதுக்குக் காக்ளியர் வைக்கிறார்களே. கண்ணுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்?

நியாயமான கேள்வி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நம் ஊர்க் குழந்தைகள் எத்தனையோ பேருக்குக் காக்ளியர் கருவி வைத்திருக்கிறார்கள், பேசுகிறார்கள். காது நரம்பில் சுமார் 30,000 இழைகள்தான். உள்காதில் இருக்கும் காக்ளியாவில் சத்தங்கள் ஆர்மோனியக் கட்டைகள் மாதிரி வரிசையாக அமைந்திருக்கின்றன, இருபது சொச்சம் மின்முனைகளே பேச்சுக்குப் போதும். கண்ணில் இழைகள் பத்து லட்சம், அதற்கு மேல் மண்டையோட்டைத் திறக்க வேண்டும். கஷ்டம் பல மடங்கு.

யாருக்குப் பொருந்தலாம்?

ஒரு காலத்தில் நன்றாகப் பார்த்து, பிறகு கண்ணோ பார்வை நரம்போ முழுதாகப் போனவர்களுக்கு. கண் அழுத்த நோய், விபத்து, இரண்டு கண்ணையும் எடுக்க வேண்டி வந்தவர்கள். இவர்களுக்கு விழித்திரையில் சிப் வைத்துப் பயன் இல்லை, ஏனென்றால் அங்கிருந்து சமிக்ஞையைக் கொண்டுபோக நரம்பு இல்லை. மூளை வழி ஒன்றுதான் மிச்சம்.

நம் ஊரில் பார்வை போவதற்குப் பெரிய காரணம் இன்னமும் கண்புரைதான், அதற்கு மூளையைத் தொட வேண்டியதே இல்லை. முதலில் "எந்த இடத்தில் பழுது" என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். கருவிழியா, லென்ஸா, விழித்திரையா, நரம்பா, மூளையா. பத்து வருடமாகச் சிகிச்சைக்கு அலைந்தும் இந்த ஒரு வார்த்தை தெரியாத குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று ஆர்.பி. எனப்படும் பரம்பரை விழித்திரை நோய். சாயங்காலம் ஆனால் தடுமாறுவதில் தொடங்கும். "மாலைக்கண்தான், கேரட்டும் கீரையும் கொடு" என்று வருடங்கள் ஓடிவிடும். அக்காள் மகளை, அத்தை மகனைக் கட்டும் வழக்கம் உள்ள குடும்பங்களில் இதுபோன்ற நோய்கள் அதிகம் வருகின்றன. வீட்டில் ஒருவருக்கு இருந்தால், அடுத்த கல்யாணம் பேசும் முன் மரபணு ஆலோசனைக்குப் போங்கள். யாரையும் குறை சொல்வதற்காக இல்லை, அடுத்த பிள்ளைக்காக.

விழித்திரை சிப் என்பது வேறா?

வேறு. பார்வை நரம்பு நன்றாக இருந்து, விழித்திரையின் ஒளி உணரும் செல்கள் மட்டும் போனவர்களுக்கானது. 2025 அக்டோபரில் 'பிரிமா' என்ற சிப்பின் முடிவுகள் வந்தன. இரண்டு மில்லிமீட்டர் சதுரம், 378 பிக்சல். வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதியில் வரும் மாக்குலா சிதைவில் நடுப்பார்வை போன 38 பேருக்கு ஐரோப்பாவில் பொருத்தினார்கள். ஒரு வருடம் கழித்துப் பரிசோதித்த 32 பேரில் 26 பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். எழுத்துகளைப் படிக்க முடிந்தது, கருப்பு வெள்ளையில், மெதுவாக. மூளைக் கருவிகளைவிட இது முன்னால் இருக்கிறது என்பது என் கருத்து.

கருவி செய்த கம்பெனி மூடிவிட்டால்?

நடந்திருக்கிறது. அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் 'ஆர்கஸ் 2' என்ற 60 மின்முனை விழித்திரைக் கருவியை விற்றது. 2013-ல் எஃப்.டி.ஏ. அனுமதி. விலை சுமார் 1,50,000 டாலர். உலகம் முழுக்க 350 பேர் அளவுக்குப் பொருத்திக்கொண்டார்கள். 2019-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள். 2020-ல் நிறுவனமே மூழ்கும் நிலை. கண்ணுக்குள் கருவியோடு இருந்தவர்களுக்கு உதிரிப் பாகம் இல்லை, பழுது பார்க்க ஆள் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தால், உள்ளே இருப்பதைப் பற்றி யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவித்தவர்கள் இருக்கிறார்கள். அதே நிறுவனம்தான் 2018-லிருந்து 'ஓரியன்' என்ற மூளைக் கருவியை ஆறு பேருக்குப் பொருத்தியிருந்தது.

அதற்கு முன் டோபெல் விஷயத்திலும் இதே கதை. அவர் 2000-களின் தொடக்கத்தில் போர்ச்சுகலில் பலருக்குக் கருவி பொருத்தினார். 2004-ல் இறந்துபோனார். கருவிகள் அனாதையாயின.

ஃபோன் கம்பெனி மூடினால் வேறு ஃபோன் வாங்கலாம். மண்டைக்குள் வைத்ததற்கு யார் பொறுப்பு என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் கேட்க வேண்டும்.

ஆபத்து என்ன?

மூளை அறுவைச் சிகிச்சைக்கு உள்ள எல்லா ஆபத்தும்: ரத்தக் கசிவு, தொற்று. அதோடு வலிப்பு. தூண்டல் அளவு மீறினால் அந்தத் துடிப்பு பரவி வலிப்பாக மாறலாம். காலம் ஆக ஆக ஊசியைச் சுற்றித் தழும்பு வளர்ந்து மின்முனைகள் ஒவ்வொன்றாக மங்கும்.

சென்னையில் செய்கிறார்களா? எவ்வளவு ஆகும்?

செய்வதில்லை. மூளையில் வைக்கும் பார்வைக் கருவி எதுவும் இன்றுவரை உலகில் எங்கும் விற்பனைக்கு அனுமதி பெறவில்லை. அதனால் 'ரேட்' என்று ஒன்று கிடையாது. யாராவது ரேட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

"நெற்றியில் கரண்ட் வைத்தே நரம்பை எழுப்புகிறோம்" என்று விளம்பரம் பார்த்தேன். போகலாமா?

நாங்கள் போனோம். அப்போது மாமாவுக்கு ஒரு கண்ணின் ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. நகரத்தில் ஒரு இடம், பெயர் வேண்டாம். கண்ணைச் சுற்றிப் பட்டை கட்டிக் கரண்ட் விட்டார்கள். முதல் நாளே மாமா "மின்னல் மாதிரி தெரியுதுடா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "பார்த்தீர்களா, நரம்பு முழித்துக்கொண்டது" என்றார்கள். பத்து நாள் போனோம், அத்தையின் வளையல் ஒரு ஜோடி போனது. மின்னல் பட்டையோடு வந்து பட்டையோடு போய்விட்டது.

பிறகு படித்துத்தான் புரிந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் கரண்ட் விட்டால், மிச்சமிருக்கும் விழித்திரைச் செல்கள் தூண்டப்பட்டு யாருக்கும் மின்னல் தெரியும். நல்ல கண் உள்ளவர்களுக்கும் தெரியும். அது குணமாவதன் அடையாளம் இல்லை. அந்தப் பத்து நாளில் அவர் அழுத்தச் சொட்டுமருந்தை ஒழுங்காக விடவில்லை, "இதுதான் சரியாகுதே" என்று. எனக்கு வளையலைவிட அதுதான் இன்றும் உறுத்துகிறது.

சோதனைகளில் சேர முடியுமா?

இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகள் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும், இணையத்தில் யாரும் பார்க்கலாம். சோதனையால் பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்பது விதி. சோதனைக் கருவிக்கு உங்களிடம் பணம் கேட்டால் சந்தேகப்படுங்கள். சேரும் வாய்ப்பு வந்தால், எத்தனை மாதம் உள்ளே இருக்கும், யார் எடுப்பார்கள், எடுத்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். இதுவரை சேர்ந்தவர்கள் பெரும்பாலும் தங்களுக்குப் பார்வை வரும் என்பதற்காகச் சேரவில்லை, பின்னால் வருபவர்களுக்காகச் சேர்ந்தார்கள். அவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

கண் தானம் கிடைத்தால் முழுக் கண்ணையே மாற்ற முடியாதா?

தானம் கொடுக்கும் கண்ணிலிருந்து கருவிழியைத்தான் மாற்றுகிறார்கள், அது கருவிழிப் பழுதுக்கு மட்டும். 2023 மே மாதம் நியூயார்க்கில் ஒருவருக்கு முழுக் கண்ணையே மாற்றினார்கள். கண் உயிரோடு இருக்கிறது, பார்வை வரவில்லை. வெட்டிய பார்வை நரம்பு ஒட்டுவதில்லை. ஆனாலும் தானம் செய்யுங்கள். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், 104-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

அதுவரை என்ன செய்வது?

எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-லிருந்து இருக்கிறது. எங்கே பழுது என்று தெரிந்துகொள்ள அங்கேயே போகலாம். நாற்பது வயது தாண்டியவர்கள், முக்கியமாக வீட்டில் யாருக்காவது கண் அழுத்தம் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் வருடம் ஒருமுறை அழுத்தம் பாருங்கள். மாமாவுக்கு ஒரு நாள்கூடக் கண் வலித்ததில்லை.

பார்வை போய்விட்டது என்று உறுதியானால், மறுநாளே பயிற்சியைத் தொடங்குங்கள். பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும் தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கின்றன. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ப்ரெய்ல் பகுதி இருக்கிறது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் ஆண்ட்ராய்டு ஃபோனில் ஏற்கெனவே இருக்கிறது, திறந்துவிட்டால் போதும். கணினிக்கு அதே வேலையைச் செய்யும் என்.வி.டி.ஏ. இலவசம், தமிழும் வாசிக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். "சிப் வரட்டும், அப்புறம் எதற்குக் கோல்" என்று மூன்று வருடம் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். இப்போது அவன் கோலோடு மெட்ரோவில் போய் வருகிறான். மூன்று வருடம் போனது போனதுதான்.

வீட்டில் இருக்கும் பார்வையற்றவரிடம் இதையெல்லாம் சொல்லலாமா? வீண் ஆசை வந்துவிடாதா?

சொல்லுங்கள். முழுசாகச் சொல்லுங்கள். அவர்களுடைய தலை, அவர்களுடைய கண், அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பாதி வீடியோவை மட்டும் போட்டுக் காட்டுவதுதான் தவறு.

இந்தப் பக்கத்தை எழுதி முடித்ததும் மாமாவுக்கு ஆரம்பத்திலிருந்து வாசித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், "கண்ணைத் திருப்பினா புள்ளியும் கூடவே வரும்னு போட்டிருக்கியே, அது நிஜமா?" என்றார். ஆமாம் மாமா என்றேன். "வேண்டாம்னா எடுத்துட முடியுமா?" ஸ்பெயினில் ஆறு மாதத்தில் எடுத்துவிட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் வலது கையை நேராக முன்னால் நீட்டி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, நடுவில் ஒரு ஜவ்வரிசி இருப்பது மாதிரி மெதுவாக உருட்டிப் பார்த்தார்.